மூன்று வினாடி எச்சரிக்கை

மேற்குத் தாம்பரத்தில் அக்தரின் முகம் தெரியாதவர்கள் நிறையப் பேர் உண்டு. குரலைக் கேட்காதவர்கள் குறைவு. முடிச்சூர் சாலையில் தக்காளி வண்டியின் ஸ்பீக்கரில் கூவுவது அவர்தான். பழைய இரும்பு, பழைய பேப்பர் எடுக்க வரும் ஆட்டோவிலும் அவர்தான். ஆடித் தள்ளுபடி, புதுக் கிளினிக் திறப்பு, காணாமல் போன நாய், எல்லாவற்றுக்கும் ஒரே தொண்டை. ஒருநாள் அவர் மனைவி ஜஹீரா மாடியிலிருந்து, தெருவில் கத்திக்கொண்டு போன வெங்காய வண்டியைப் பார்த்து, "வேணாம், போ போ" என்றாள். உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த அக்தர், "என்னையா சொன்ன?" என்று கேட்டார். "ரெண்டு பேரையும்தான்" என்றாள் ஜஹீரா.

இந்தத் தொழிலை அவருக்கு யாரும் கற்றுத் தரவில்லை. ஜவுளிக்கடை ஆட்டோவில் மைக் பிடிக்க வேண்டிய ஆள் வராமல் போன ஒரு காலையில், சும்மா துணைக்கு உட்கார்ந்திருந்த அக்தரிடம் டிரைவர் மைக்கைக் கொடுத்தார். அன்று அவர் பேசியதில் பாதி யாருக்கும் புரியவில்லை. அதன் பிறகு ரயில் நிலையத்தில், கட்சிக் கூட்டத்தில், கல்யாண மண்டபத்தில் யார் மைக் பிடித்தாலும் நின்று கேட்டார். 'ப' மைக்கில் வெடிக்கும், 'ச' சீறும் என்பதை அவராகவே கண்டுபிடித்தார். வாயை மைக்குக்கு நேரே வைக்காமல் சற்றே பக்கவாட்டில் வைத்தால் இரண்டும் அடங்கும் என்பதையும்தான்.

கடப்பேரியில் அவர் வீடு தண்டவாளத்துக்குப் பக்கம். மெத்தைக்கடையில் மிஞ்சிய ஸ்பாஞ்சைச் சுவரெங்கும் ஒட்டி, ஒரு சின்ன அறையைப் பதிவு அறையாக மாற்றியிருந்தார். ஸ்பாஞ்சு தெருச் சத்தத்தைத் தடுத்தது. மின்சார ரயிலைத் தடுக்கவில்லை. வாக்கியத்தின் நடுவில் ரயில் வந்தால் அப்படியே நிற்பார். அது போன பிறகு, நிறுத்திய அதே உயரத்தில் அடுத்த சொல்லை எடுப்பார். ஒட்டுப் போட்ட இடம் அவருக்கு மட்டும்தான் தெரியும்.

கூலி வாங்காமல் அவர் செய்த ஒரே வேலை பள்ளிவாசல் அறிவிப்பு. ஊரில் யாராவது இறந்துபோனால் ஜனாஸா அறிவிப்பு சொல்வது, பிறை தெரிந்த செய்தி சொல்வது, நோன்பு மாதத்தில் விடியலுக்கு முந்திய சஹர் சாப்பாட்டுக்கு எழுப்புவது. அங்கே அவர் குரல் வேறு. இறந்தவரின் பெயரை இரண்டு முறை சொல்வார். இன்னாரின் மகன், இன்ன தெரு என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவார். சமையலறையில் இருக்கும் பெண் குழாயை மூடிவிட்டு வந்து கேட்க அந்த இடைவெளி. பிறகுதான் நல்லடக்க நேரம். அந்தப் பகுதி வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. தொலைக்காட்சியில் என்ன சொன்னாலும், வாட்ஸ்அப்பில் எது வந்தாலும், அக்தர் சொன்ன பிறகுதான் பெருநாள்.

சேலையூரில் விளம்பர ஸ்டுடியோ வைத்திருக்கும் ஜீவானந்தம் 2024 தொடக்கத்தில் ஒருநாள் கூப்பிட்டார்.

"பாய், பெரிய கம்பெனி வேலை. ரம்மி ஆப்."

"சீட்டாட்டமா சார்? வேணாம். எங்களுக்கு அது ஆகாது."

"நீங்க எங்க ஆடப் போறீங்க? பேசத்தானே போறீங்க."

"தடை போட்டுட்டாங்கன்னு சொன்னாங்களே சார்."

"அது பழைய நியூஸ். ரம்மி திறமை ஆட்டம், அந்தச் சட்டம் அதுக்குச் செல்லாதுன்னு ஹைகோர்ட்டே சொல்லிடுச்சு. கம்பெனிக்காரன் இருபத்தெட்டு பர்சென்ட் ஜிஎஸ்டி கட்டுறான். ஜெயிச்சவன் காசுல முப்பது பர்சென்ட் வரி புடிச்சுக் கட்டுறான். கவர்ன்மென்ட்டே கை நீட்டி வாங்குது பாய், நீங்க ஏன் கையைக் கட்டிக்கிறீங்க?"

அக்தர் வீட்டில் கேட்டார். "நகைக்கடைக்குப் பேசறப்ப சேதாரமே இல்லைங்கறீங்க. அதெல்லாம் நெசமா?" என்றாள் ஜஹீரா. அவள் போகச் சொல்லவுமில்லை, வேண்டாம் என்று சொல்லவுமில்லை. தெரிந்த ஒரு வக்கீல் குமாஸ்தாவிடம் கேட்டார். தீர்ப்பு உண்மைதான் என்று அவரும் சொன்னார். இமாமிடம் மட்டும் அக்தர் கேட்கவில்லை. அவர் என்ன சொல்வார் என்பது தெரிந்திருந்தது.

ஒப்புக்கொண்டு சேலையூர் ஸ்டுடியோவுக்குப் போனார். அழைப்பு வாசகம் சுலபமாக முடிந்தது. "வாங்க, உக்காருங்க, ஒரு கை போடுங்க!" வீட்டு வாசலில் நின்று விருந்தாளியைக் கூப்பிடுகிற மாதிரி பேசினார். அடுத்து எச்சரிக்கை. 'இந்த விளையாட்டில் பண இழப்பு அபாயம் உண்டு. இது உங்களை அடிமையாக்கக்கூடும். பொறுப்புடனும் சொந்த அபாயத்திலும் விளையாடவும்.' நிதானமாகப் படித்தால் பத்து வினாடிக்கு மேல் ஓடியது. விளம்பரத்தில் அதற்கு மிச்சமிருந்த இடம் மூன்று வினாடி.

"கம்ப்யூட்டர்ல ஸ்பீடு ஏத்தினா குருவி கத்துற மாதிரி இருக்கு. கம்பெனிக்காரன் வேணாங்கறான்" என்றார் ஜீவானந்தம்.

"விடுங்க சார். நானே பேசிடறேன்" என்றார் அக்தர்.

யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. பிற்பாடு யோசிக்கும்போதெல்லாம் அவர் திரும்பத் திரும்ப வந்து நின்றது இந்த இடத்தில்தான். முடியாது என்று சொல்லியிருந்தால் குருவிக் குரலோடு போயிருக்கும். குருவிக் குரலை யாரும் நம்பமாட்டார்கள். முடியும் என்று காட்ட அவருக்கு ஆசையாக இருந்தது. மூன்று வாக்கியங்களையும் ஒரே மூச்சில் கோத்தார். சொற்களின் வால்களை விழுங்கினார். 'இழப்பு', 'அடிமை' இரண்டையும் மூச்சுக்கு அடியில் போட்டு, 'பொறுப்புடன்' என்பதை மட்டும் அழுத்தினார். எழுத்து ஒன்றுகூட விடுபடவில்லை. கேட்பவர் காதில் ஒன்றுகூட நிற்கவும் இல்லை.

"சாதாரணப் பேச்சு வேகத்துல சொல்லணும்னு விதி இருக்கு பாய்" என்று ஜீவானந்தம் சிரித்தார். "யாராச்சும் கேட்டா, எங்க பாய்க்கு இதான் சாதாரணம்னு சொல்லிடறேன்." கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அக்தரும் சிரித்தார்.

விளம்பரம் வெளியான வாரத்தில் அவர் தங்கை ஃபஹீமா படப்பையிலிருந்து போன் செய்தாள். "அண்ணா, உன் வாய்ஸு! நான் இவர் காதுலயே வச்சுக் காட்டினேன்." ஃபஹீமாவின் கணவன் அஸ்கர் ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் பார்ப்பவன். போனை வாங்கி, "இன்னா மச்சான், பெரிய ஆளாய்ட்டீங்க" என்றான். "நம்ம மச்சானே சொல்லிட்டாரு, அப்ப தப்பா இருக்காதுன்னு இப்பதான் சொல்லிக்கினு இருந்தேன்."

அக்தருக்கு அன்று அது பெருமையாக இருந்தது.

அஸ்கர் ஆடியது வெளியே தெரிய ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. நள்ளிரவிலிருந்து காலை ஐந்து மணிவரை ஆடக் கூடாது என்று மாநில அரசு விதி கொண்டுவந்தது. அந்த நேரத்தில் அஸ்கர் மெஷின் முன்னால் நிற்பான். அவன் போன் கம்பெனி லாக்கரில் இருக்கும். போகும்போது கம்பெனி பஸ்ஸில் ஆடினான், வரும்போது ஆடினான். விதி அவனைத் தொடவே இல்லை. ஆதார் எண் கேட்டார்கள், கொடுத்தான். ஜெயித்தபோது வரி பிடித்தார்கள், பெருமையாகச் சொல்லிக்கொண்டான். ஃபஹீமாவின் நகைகள் அடகுக்கடைக்குப் போய்த் திரும்பாதபோதும், "நான் இன்னா, திருட்டுத்தனமாவா ஆடினேன்? டேக்ஸ் கட்டி ஆடினேன்" என்றுதான் சொன்னான். 2025 கோடையில் அவள் இரண்டு பையோடு கடப்பேரிக்கு வந்து சேர்ந்தாள். தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப்பில் பில் போடும் வேலைக்குப் போகத் தொடங்கினாள். அண்ணனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. தட்டில் சோறு வைக்கும்போதுகூட முன்பு போலத்தான் வைத்தாள். அது அக்தருக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

அந்த ஆகஸ்டில் மத்திய அரசு, திறமை ஆட்டமோ அதிர்ஷ்ட ஆட்டமோ, பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டு எல்லாவற்றையும் தடை செய்தது. விளம்பரம் செய்வதும் குற்றமானது. ஜீவானந்தம் அவசரமாக அழைத்தார். "பாய், அந்த ஃபைல் உங்ககிட்ட இருந்தா உடனே அழிச்சிடுங்க. இனிமே அதைப் போட்டாலே கேஸு."

அக்தர் அழித்தார். ஒரு சட்டம் இவ்வளவு நிம்மதி தரும் என்று அவர் அதுவரை நினைத்ததில்லை.

அஸ்கர் ஞாயிற்றுக்கிழமைகளில் வரத் தொடங்கினான். "கம்பெனிக்காரன் கடையை மூடிட்டான் மச்சான். நானும் மூடிட்டேன்" என்றான். பழம் வாங்கி வந்தான். அடகில் இருந்த ஒரு சங்கிலியை மீட்டுக் கொண்டுவந்து ஜஹீரா கையில் கொடுத்தான்; ஃபஹீமா கையில் கொடுக்கத் துணிச்சல் வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஃபஹீமா பேச ஆரம்பித்தாள். ரமலான் தொடங்குவதற்குள் படப்பைக்குத் திரும்பிவிடுவது, முதல் நோன்பை அங்கேயே பிடிப்பது என்று முடிவானது. அவள் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் போதும் என்று அக்தர் ஐந்து வேளைத் தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருந்தார். அது தங்கைக்காக மட்டும் கேட்டது இல்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

பொங்கல் முடிந்த வாரத்தில், தெருமுனை டீக்கடை சம்பத் அவரைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"இன்னா பாய், மறுபடி சீட்டு கம்பெனில சேந்துகினியா?"

"யாரு சொன்னது?"

"யாரு சொல்லணும்? நீயே சொல்றியே." போனைத் திருப்பிக் காட்டினார். பளபளக்கும் சீட்டுகள், கொட்டும் நாணயங்கள், பெயர் தெரியாத ஏதோ ஒரு தளம். "வாங்க, உக்காருங்க, ஒரு கை போடுங்க!" அவர் குரல்தான். எச்சரிக்கை மட்டும் இல்லை, வெட்டி எடுத்திருந்தார்கள். சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன்தான் எச்சரிக்கை போட வேண்டும். இவனுக்கு அந்தக் கவலை இல்லை.

"இது நான் இல்ல அண்ணா."

"அப்ப என் சம்சாரமா? தொண்டைய மாத்தினு வா பாய், நம்புறேன்."

அக்தர் டீயைக் குடிக்காமல் எழுந்து போனார். இணையத்தில் புகார் பதிவு செய்தார். சில நாட்களில் சைபர் கிரைம் பிரிவிலிருந்து விசாரிக்கக் கூப்பிட்டார்கள். பெண் சப் இன்ஸ்பெக்டர் அந்த வீடியோவை இரண்டு முறை கேட்டார்.

"உங்க வாய்ஸ்தானா?"

"ஆமா மேடம்."

"நீங்க சம்மதிச்சுப் பேசினதா?"

"இதுக்கு இல்ல மேடம். அப்ப இருந்ததுக்கு."

"அப்ப இருந்ததும் சீட்டுதானே?"

"அது சட்டப்படி இருந்துச்சு மேடம்."

சப் இன்ஸ்பெக்டர் அதைக் குறித்துக்கொண்டார். தளம் வெளிநாட்டில் இருப்பதாகவும், இந்தப் பக்கத்தை முடக்க எழுதுவதாகவும், வேறு பெயரில் மறுபடி வந்தால் உடனே தெரிவிக்கும்படியும் பொறுமையாகச் சொன்னார். சொன்னபடியே அந்தப் பக்கம் காணாமல் போனது. அடுத்த வாரம் வேறு பெயரில் அதே குரல் வந்தது. அக்தர் மறுபடி புகார் எழுதிப் போட்டார். அந்த வாரம் தெருவில் ஒரு பெரியவர் இறந்துபோனார். பள்ளிவாசல் மைக்கைப் பிடித்தபோது அக்தருக்குப் பெயருக்கு முன்னால் நாக்கு நின்றது. தெருவில் எத்தனை பேர் இதே குரலை இன்று காலை எங்கே கேட்டார்களோ என்று தோன்றியது. யாரும் எதுவும் சொல்லவில்லை. பள்ளிவாசல் கமிட்டியில்கூட யாரும் கேட்கவில்லை.

அஸ்கரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். எங்காவது அதைக் கேட்டு மனம் தடுமாறிவிடக் கூடாது. நோன்புக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை அஸ்கர் வந்திருந்தான். செவ்வாய்க்கிழமை கிளம்புவதாக இருந்ததால், ஃபஹீமா தன் பாத்திரங்களை அட்டைப் பெட்டியில் அடுக்கி வாசலருகே வைத்திருந்தாள். சாப்பாடு முடிந்து அஸ்கர் பல் குத்திக்கொண்டிருந்தான்.

"மாப்ள, ஒரு விஷயம். என் குரல்ல ஒரு விளம்பரம் சுத்துது. அது நான் பேசினது இல்ல. பேசினதுதான், ஆனா பழசு. எவனோ திருடிப் போட்டுருக்கான்."

அஸ்கரின் கை நின்றது. "பழசா?"

"பழசுதான். போலீஸ்லயும் சொல்லிருக்கேன்."

"அப்ப... நீங்க திரும்பப் பேசலயா?"

"தடை போட்டுருக்கே, நான் எப்படிப் பேசுவேன்?"

அஸ்கர் குனிந்து தரையைப் பார்த்தான். "நான் இன்னா நெனச்சேன்னா மச்சான், திரும்ப ஓப்பன் பண்ணிட்டாங்கன்னு. போன தபா கோர்ட்டு சொன்னப்புறம்தானே நீங்க பேசினீங்க. சட்டத்துக்கு வெளிய இருந்தா உங்க வாய்ஸு வராதே."

சமையலறை வாசலில் ஃபஹீமா ஈரக் கையோடு நின்றிருந்தாள். அவள் எப்போது வந்தாள் என்று இருவரும் பார்க்கவில்லை.

"எப்பலருந்து?" என்றாள்.

"பொங்கலுக்கு முன்னாடி."

"இந்த வாட்டி ஆதார் கேட்டானா?"

"இல்ல."

"டேக்ஸ் புடிச்சானா?"

"இல்ல."

"காசு எங்க போட்ட? கம்பெனி பேர்லயா?"

"யாரோ ஒருத்தன் பேர்ல. தினம் ஒரு பேரு வரும்."

"அப்பக்கூடத் தெரியலயா?"

அஸ்கர் பல் குத்திய குச்சியைத் தட்டில் போட்டான். பிறகு, "தெரிஞ்சுது" என்றான்.

"அப்புறம் எதுக்கு எங்க அண்ணன் வாய்ஸைச் சொல்ற?"

"கேட்டுக்கினே போட்டா ஒரு தெம்பா இருந்துச்சு ஃபஹீமா. நம்ம வூட்டு ஆளு பக்கத்துல கீறாப்ல."

அக்தர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஃபஹீமா அவரைப் பார்க்காமலே கையைக் காட்டி நிறுத்தினாள். "அதே வாய்ஸு முன்னாடி கடைசில ஒண்ணு சொல்லுமே. அது காதுல விழலயா?"

அஸ்கருக்கு முதல் முறையாகக் கோபம் வந்தது. "விழுந்துச்சு. இன்னா சொல்லுச்சுன்னு உனக்குத் தெரியுமா? ஒரு வருசம் தினம் கேட்டவன் நானு, எனக்குத் தெரியாது. மச்சான், நீங்களே சொல்லுங்க. அது இன்னா?"

அஸ்கர் பதிலுக்குக் காத்திருந்தான். ஜஹீராவும் வந்து நின்றாள். அக்தர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தார். அது மூன்று வினாடியில் முடிந்துவிட்டது. யாருக்கும் புரியவில்லை. மெதுவாகச் சொல்லப் பார்த்தார். "இந்த விளையாட்டில்..." அடுத்த சொல் வரவில்லை. ஒரே மூச்சாகக் கோத்து வைத்ததை இடையில் பிரித்தால் எல்லாம் உதிர்ந்தது. மறுபடி முதலிலிருந்து ஓட்டிப் பார்த்து, எந்த இடத்தில் எந்தச் சொல் என்று விரலால் பிடித்துப் பிடித்து, கடைசியில் முதன்முதலாக மைக் பிடித்த காலையில் பேசியதுபோலத் திக்கித் திணறிச் சொன்னார். "பண இழப்பு. அபாயம். உண்டு. இது உங்களை... அடிமை... ஆக்கக்கூடும்."

வெளியே செங்கல்பட்டு ரயில் போனது.

"இவ்ளோதானா?" என்றான் அஸ்கர்.

"மாப்ள, போன காசை நான் அடைக்கிறேன்" என்றார் அக்தர். "ரூம்ல இருக்கிற மைக்கு, மிக்சரு எல்லாம் வித்துட்டாலும் பரவால்ல. இவளைக் கூட்டிட்டுப் போ. செவ்வாய்க்கிழமை சொன்னபடி..."

"நீ அடைச்சா?" ஃபஹீமா அண்ணன் பக்கம் திரும்பினாள். ஏழெட்டு மாதத்தில் அவள் அவரை நேராகப் பார்த்தது அப்போதுதான். "நீ அடைச்சா, மச்சான் வாய்ஸாலதான் போச்சு, மச்சானே ஒத்துக்கினாருன்னு இவரு காலம் முழுக்கச் சொல்லிக்கினு இருப்பாரு. நீயும் தலையாட்டுவ. உனக்கும் நிம்மதி, அவருக்கும் நிம்மதி. தெரிஞ்சும் போட்டாரே, அதுக்கு எனக்கு யாரு பதில் சொல்றது?"

அஸ்கர் எழுந்து செருப்பைத் தேடினான். "நான் வேணும்னா போனை உன்கிட்டயே..."

"நோன்பு முடியட்டும்" என்றாள் ஃபஹீமா. "பெருநாளைக்கு வாங்க. அப்பப் பாக்கலாம். அப்ப நான் கேக்கறதுக்கு எங்க அண்ணன் பேரை இழுக்காம பதில் சொல்லுங்க. சொல்ல முடிஞ்சா வரேன்."

"முடியலன்னா?"

"மெடிக்கல்ல வேலை இருக்கு எனக்கு."

அவன் போன பிறகு ஜஹீரா கதவைச் சாத்தினாள். ஃபஹீமா பெட்டியின் டேப்பைப் பிய்த்து, பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சமையலறை அலமாரியில் வைக்க ஆரம்பித்தாள். அக்தர் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஃபஹீமா, மனசு கேக்கல. நான்தான் அன்னிக்கு..."

"தெரியும்ணா" என்றாள் அவள், திரும்பாமல். "நீதான். யாரு இல்லேன்னா? அதுக்கு இப்ப நான் இன்னா பண்ணணும்? அந்தக் குக்கரை எடு, கனமா இருக்கு."

அக்தர் குனிந்து குக்கரை எடுத்தார். எங்கே வைப்பது என்று கேட்காமல், அவள் காட்டும்வரை கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.